ஓட்டப் பழகும் முன் கட்டப் பழகுங்கள்: தேம்ஸுக்கு வரும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள குடும்பத்தினருக்கு,

வணக்கம். கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் இப்போதெல்லாம் தேம்ஸ் நதியில் தமிழ்க் குரல் கேட்கிறது. லண்டனிலிருந்து இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரு வாரத்துக்குப் படகை வாடகைக்கு எடுக்கிறீர்கள். அப்பா சுக்கானில், பிள்ளைகள் மேல்தட்டில், உள்ளே குக்கர் விசில் அடிக்க, அம்மம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து கரையைப் பார்த்துக்கொண்டு போகிறார். இந்த நதியில் படகு வைத்திருக்கும் எனக்கு அதைப் பார்க்க மனம் நிறைகிறது. அந்தச் சந்தோஷம் ஒரு நிமிடக் கவனக்குறைவில் கெட்டுப்போகக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்களிடம் ஒரே வேண்டுகோள்: படகை ஓட்டப் பழகும் முன் அதைக் கட்டப் பழகுங்கள்.

இங்கிலாந்தின் உள்நாட்டு நதிகளில் உல்லாசப் படகு ஓட்டத் தனியாக ஓட்டுநர் உரிமம் எதுவும் தேவையில்லை. வாடகைக்குத் தருபவர் கொஞ்ச நேரம் சொல்லித் தருவார்; சாவி கைக்கு வந்துவிடும். மணிக்கு 8 கிலோமீட்டர்தான் உச்ச வேகம், அதாவது வேகமாக நடக்கும் ஒருவரின் வேகம். நடு ஆற்றில் நேராகப் போவது எல்லோருக்கும் சீக்கிரம் கைவந்துவிடும். ஆபத்தெல்லாம் கரையை நெருங்கும்போதும், கரையில் கட்டிய பிறகும்தான். கட்டிய படகை நிறுத்திய காராக நினைத்து, விட்டுவிட்டு ஊருக்குள் போய்விடுகிறோம். கார் நின்ற இடத்தில் நிற்கும். படகுக்குக் கீழே இருக்கும் தண்ணீர் நிற்காது.

முதலில் நீரோட்டத்தைப் பாருங்கள். எப்போதும் ஓட்டத்துக்கு எதிராக வந்து கரை சேருங்கள். ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து கீழ்நோக்கி வருகிறீர்கள் என்றால், கட்டப்போகும் இடத்தைத் தாண்டிப் போய், ஆறு அகலமாக இருக்கும் இடத்தில் திரும்பி, மெதுவாக மேலேறி வாருங்கள். தண்ணீரே பிரேக் பிடித்துத் தரும். முன்பக்கக் கயிற்றை முதலில் கட்ட வேண்டும். பின்பக்கத்தை முதலில் கட்டினால் ஓட்டம் முன்பக்கத்தைப் பிடித்து இழுத்து, படகை ஆற்றுக்குக் குறுக்கே திருப்பிவிடும். பிறகு எத்தனை பேர் கயிற்றைப் பிடித்து இழுத்தாலும் சிரமம்தான்.

கரைக்கு யாரும் தாவ வேண்டாம். படகு கரையைத் தொடும்வரை பொறுத்திருந்து, ஒரு காலடி எடுத்து வைத்து இறங்குங்கள். இடிக்கப் போகிறதே என்று பதறி, கையையோ காலையோ இடையில் கொடுத்துத் தள்ளாதீர்கள். நேரோபோட் எனப்படும் நீண்டு ஒடுங்கிய இரும்புப் படகு ஒன்று 15 டன்னைத் தாண்டும். அது கல்சுவரில் உரசினால் பெயின்ட் போகும், அவ்வளவுதான். நடுவில் விரல் இருந்தால் விரல் போய்விடும். சேலையோடு வரும் பெரியவர்களைப் படகு முன்னும் பின்னும் கட்டி முடித்த பிறகே இறக்குங்கள். ஒருவர் கரையிலும் ஒருவர் படகிலும் நின்று கை கொடுங்கள். சின்னப் பிள்ளைகளின் லைஃப் ஜாக்கெட்டை, கட்டியாகிவிட்டதே என்று கழற்றிவிடாதீர்கள். துறையில் ஓடியாடும் நேரத்தில்தான் அது அதிகம் தேவை.

சரி, இனி கயிறு. புல்கரையில் வளையம் இருக்காது. இரும்பு முளை அடித்துத்தான் கட்ட வேண்டும். முளையைச் செங்குத்தாக அடிக்காமல், கயிறு இழுக்கும் திசைக்கு எதிராகச் சாய்த்து அடியுங்கள். வேகமாகப் போகும் படகு எழுப்பும் அலையில் உங்கள் படகு முன்னும் பின்னும் இழுபடும். மழையில் ஊறிய மண்ணிலிருந்து முளை பிடுங்கிக்கொண்டு வருவது அப்படித்தான். முன்கயிறும் பின்கயிறும் படகிலிருந்து வெளிப்பக்கமாகச் சாய்ந்து போகட்டும். கூடவே நடுப்பகுதியை நோக்கி ஒன்றிரண்டு கயிறுகள் எதிர்ச்சாய்வில் இருந்தால் அசைவு குறையும். நேரோபோட்டின் கூரை நடுவிலுள்ள கயிற்றை மட்டும் இறுக்கிக் கட்டிவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். அது உயரத்திலிருந்து இழுப்பதால் ஒவ்வொரு அலைக்கும் படகு பக்கவாட்டில் ஆடும். அடுப்பில் வைத்த பாத்திரம் கவிழ அது போதும். முளையையும் கயிற்றையும் நடைபாதைக்குக் குறுக்கே விடாமல், கண்ணில் படும்படி ஒரு வெள்ளைத் துணியையும் கட்டிவையுங்கள். இருட்டிய பிறகும் சைக்கிளில் வருகிறவர்கள் உண்டு.

வளையமோ கட்டுத்தூணோ இருக்கும் ஊர்களில் முடிச்சைக் கரையில் போட வேண்டாம். கயிற்றை வளையத்தினூடே விட்டுத் திரும்பக் கொண்டுவந்து படகில் கட்டுங்கள். சனிக்கிழமை இரவு பப் மூடியதும், விளையாட்டாகக் கயிற்றை அவிழ்த்துவிடுகிறவர்கள் எந்த ஆற்றங்கரை ஊரிலும் உண்டு. உள்ளே ஒரு குடும்பம் தூங்குகிறது என்று அவர்கள் யோசிப்பதில்லை. முடிச்சு உங்கள் பக்கம் இருந்தால் அந்த வேலை அவ்வளவு சுலபமில்லை. காலையில் கரைக்கு இறங்காமலே அவிழ்த்துப் புறப்படவும் இது வசதி.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது நீர்மட்டம். வின்ட்சரில் வெயில் அடிக்கும். மேலே காட்ஸ்வோல்ட் மலைப்பக்கம் பெய்த மழை ஆக்ஸ்ஃபோர்டில் செர்வெல் ஆற்றோடும், ரெடிங்கில் கென்னெட் ஆற்றோடும் சேர்ந்து, மெல்ல மெல்ல உங்களிடம் வந்துகொண்டிருக்கும். கயிற்றை விறைப்பாகக் கட்டியிருந்தால், மட்டம் ஏறும்போது படகின் ஒரு பக்கம் கீழே இழுபட்டுச் சாயும். அதிகமாகத் தளர்த்தியிருந்தால், வெள்ளத்தில் படகு கரைமேல் ஏறி நின்றுவிடும். தண்ணீர் வடிந்ததும் ஒரு பாதி கரையில், மறு பாதி ஆற்றில் தொங்கும். 2024 ஜனவரி தொடக்கத்தில் ஹென்க் புயலோடு வந்த வெள்ளத்தில் தேம்ஸ் கரை ஊர்கள் பட்ட பாடு நமக்கு நினைவிருக்கும். கோடையில் அந்த அளவுக்கு வராது. ஆனால் நல்ல மழைக்குப் பிறகு ஓர் இரவிலேயே மட்டம் மாறலாம். படுக்கப் போகும் முன்னும் விழித்தவுடனும் கயிற்றைப் பாருங்கள். லாக்குகளில், அதாவது படகை ஒரு நீர்மட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டிகளில், வைக்கும் பலகையைக் கவனியுங்கள். மஞ்சள் பலகையில் நீரோட்டம் கூடுகிறது என்று இருந்தால், என்ஜின் படகுகள் பக்கத்திலுள்ள பாதுகாப்பான துறையைத் தேடிக் கட்ட வேண்டும். சிவப்புப் பலகை வந்துவிட்டால் கட்டிய இடத்திலேயே இருங்கள். படகைத் திருப்பிக் கொடுக்கும் நாள் நெருங்குகிறதே என்று யோசிக்க வேண்டாம். வாடகைக்குத் தந்தவரை அழைத்து நிலைமையைச் சொல்லுங்கள்.

டெடிங்டன் லாக்குக்குக் கீழே போகவே போகாதீர்கள். அங்கிருந்து கடல் ஏற்றவற்றம் தொடங்குகிறது. லண்டன் பாலத்தருகே ஒரே நாளில் ஆறேழு மீட்டர்கூட ஏறி இறங்கும். மேலே சொன்ன கயிற்றுப் பாடம் எதுவும் அங்கே போதாது.

அப்புறம் புகை. நம் ஆட்களுக்கு பார்பெக்யூ இல்லாமல் கோடை இல்லை. கரையில் அனுமதி இருந்தால் தாராளமாகச் சுடுங்கள். ஆனால் மழை தூறுகிறதே என்று அணையாத கரியடுப்பை உள்ளே தூக்கி வைக்காதீர்கள், கனல் சாம்பல் பூத்திருந்தாலும்கூட. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்கும் குடும்பத்தை எழுப்பாமலே கொன்றுவிடும். குளிருகிறது என்று காற்றுத் துளைகளைத் துணியால் அடைக்கவும் கூடாது. தங்கும் அறையுள்ள படகுகளில் கார்பன் மோனாக்சைடு அலாரம் 2019 ஏப்ரல் முதல் கட்டாயம். ஏறியதும் அதை அழுத்திப் பாருங்கள், சத்தம் வருகிறதா என்று. சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் வெளியே போகாமல் படகின் அடித்தட்டில் தேங்கும். ஆகவே அடுப்பு வேலை முடிந்ததும் சிலிண்டரை மூடிவிடுங்கள்.

துறையில் இருக்கும் அறிவிப்புப் பலகையைப் படியுங்கள். எத்தனை மணி நேரம், எவ்வளவு கட்டணம் என்பது துறைக்குத் துறை மாறும். ஒன்று நகர மன்றத்தினுடையது, அடுத்தது பப்காரருடையது, இன்னொன்று தனியாருடையது. இரவு எட்டிலிருந்து காலை எட்டு வரை என்ஜினை ஓட விடாமல் இருப்பது படகுக்காரர்களிடையே வழக்கம். நாமும் அதைக் காப்போம்.

இவ்வளவு பயமுறுத்தியபின் ஏன் வர வேண்டும் என்று கேட்பீர்கள். ஆற்று வழியாக ஓர் ஊருக்குள் நுழைவது வேறொரு அனுபவம், அதற்காகத்தான். ஆபிங்டனில் ஊருக்கு எதிரே புல்வெளிக் கரையில் கட்டிவிட்டு, செயின்ட் ஹெலன்ஸ் தேவாலயக் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு டீ குடித்துப் பாருங்கள். பாலத்தைத் தாண்டி நடந்தால் கடைத்தெரு. வின்ட்சரைவிட எனக்குப் பிடித்த ஊர் அதுதான். வின்ட்சரிலும் பகல் கூட்டம் கலைந்த பிறகு அரண்மனைச் சுவரைப் பார்த்தபடி ஆற்றங்கரையில் நடப்பதற்கு ஈடில்லை. மார்லோவில் பூங்காவையொட்டிக் கட்டினால், அணைக்கட்டில் தண்ணீர் விழும் ஓசை இரவெல்லாம் கேட்கும். அங்குள்ள தொங்குபாலத்தை 1832-இல் கட்டிய வில்லியம் டியர்னி கிளார்க்தான் பின்னர் புடாபெஸ்டின் சங்கிலிப் பாலத்தையும் வடிவமைத்தார். பிள்ளைகளிடம் சொல்லுங்கள், பாலத்தைப் பார்க்கும் கண் மாறிவிடும். ஹென்லியின் 1786-ஆம் ஆண்டுப் பாலத்தில் இருபுறமும் செதுக்கிய முகங்கள் இருக்கும், அவற்றைத் தேடச் சொல்லுங்கள். ஆனால் ஜூலை தொடக்கத்தில் அங்கே படகுப் போட்டி நடக்கும். துறையில் இடம் கிடைக்காது. மெய்டன்ஹெட்டில் பொறியாளர் புரூனெல் கட்டிய ரயில் பாலத்தின் செங்கல் வளைவுக்குக் கீழே போகும்போது ஒரு கூக்குரல் போடச் சொல்லுங்கள். எதிரொலியில் அவர்கள் குதிப்பார்கள். ரன்னிமீடில், 1215-இல் மன்னர் ஜான் மாக்னா கார்ட்டா என்ற உரிமைச் சாசனத்தை ஏற்ற புல்வெளிக்குப் பக்கத்திலேயே கட்டி இறங்கலாம். ஜூலை மூன்றாவது வாரம் என்றால், மன்னரின் அன்னங்களைக் கணக்கெடுக்க செஞ்சட்டை அணிந்தவர்கள் துடுப்புப் படகுகளில் சன்பரியிலிருந்து ஆபிங்டன் வரை வருவதையும் காணலாம்.

இதையெல்லாம் பார்க்க வேண்டுமென்றால் குறைந்த தூரம் போங்கள். ஒரு வாரத்தில் ஆக்ஸ்ஃபோர்ட் வரை போய்த் திரும்பிவிட வேண்டும் என்று கணக்குப் போட்டால், இருட்டும் நேரத்தில், எல்லோரும் களைத்து, தெரியாத ஊரில் இடம் தேட வேண்டிவரும். அவசரமாகக் கட்டும் கயிறு அந்த நேரத்தில்தான் தவறுகிறது. மாலை நான்கு மணிக்கே துறையைப் பிடித்துவிடுங்கள்.

கடைசியாக, சாவி வாங்கும் நாளைப் பற்றி. வாடகைக்குத் தருபவரிடம், "எங்கள் எல்லோரையும் இரண்டு மூன்று தடவை கட்டி அவிழ்க்கப் பழக்கிவிடுங்கள்" என்று கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம், காசு கொடுக்கிறோம். அப்பாவும் சித்தப்பாவும் மட்டும் கற்றுக்கொண்டு, மற்றவர்கள் பயணிகளாக உட்கார்ந்திருப்பதே நம் படகுகளில் நான் பார்ப்பது. சுக்கான் பிடிப்பவரே கால் தவறி விழுந்துவிட்டால்? தண்ணீருக்குள் சுழன்று படகைத் தள்ளும் விசிறியை உடனே நிறுத்த வேண்டும். ஆகவே அம்மாவுக்கும், பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கும் என்ஜினை எப்படி நிறுத்துவது, மிதவை வளையம் எங்கே இருக்கிறது, கயிற்றை எப்படி வீசுவது என்று புறப்படும் முன் செய்து காட்டச் சொல்லுங்கள். பிறகு அவர்களையே ஒருமுறை செய்யச் சொல்லிப் பாருங்கள்.

அன்புடன்,
தேம்ஸில் படகு வைத்திருக்கும் உங்கள் ஊர்க்காரர் ஒருவர்