டோக்கியோ ஆளுநருக்கு: அந்த ஒற்றைத் தாளை மறுபடி அனுப்புங்கள்

மதிப்பிற்குரிய ஆளுநர் யுரிகோ கொய்கே அவர்களுக்கு,

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவன். பதினெட்டு ஆண்டுகளாக உங்கள் மாநகரில் வேலை செய்கிறேன், வரி கட்டுகிறேன், எதோகாவா வார்டில் குடும்பத்தோடு இருக்கிறேன். எனக்கு இங்கே வாக்கு இல்லை. ஆனாலும் ஓர் ஊரில் இத்தனை காலம் வாழ்ந்தவனுக்கு அந்த ஊரின் இறந்தவர்கள் மீது கொஞ்சம் உரித்து வந்துவிடுகிறது. அந்த உரித்தில், 1923 நிலநடுக்கத்தையொட்டிக் கொல்லப்பட்ட கொரியர்களுக்கு நீங்கள் நிறுத்திவிட்ட அஞ்சலி மடலை மறுபடி அனுப்பக் கேட்டு எழுதுகிறேன். இதன் யப்பானிய வடிவத்தை உங்கள் அலுவலகத்துக்குத் தனியே அனுப்பிவிட்டேன். என் சனமும் வாசிக்கவேண்டும் என்பதால் தமிழில் இங்கே இடுகிறேன்.

ரியோகொகு நிலையத்தில் இறங்கி, சுமோ அரங்கைத் தாண்டிக் கொஞ்சத் தூரம் நடந்தால் யோகோஅமிச்சோ பூங்கா. 1923 செப்டம்பர் 1 அன்று, நண்பகலுக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் நிலம் குலுங்கியபோது, அது இராணுவ உடைத் தொழிற்சாலை அகற்றப்பட்ட வெற்று நிலம். பாய் படுக்கையோடு ஓடிவந்து அங்கே கூடிய சனத்தை நெருப்புச் சுழல் சூழ்ந்தது. அந்த ஓர் இடத்தில் மட்டும் ஏறத்தாழ 38,000 பேர் கருகிப் போனார்கள். அவர்களுக்காக அங்கே பெரிய நினைவு மண்டபம் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் உங்கள் அஞ்சலியுரை அங்கே வாசிக்கப்படுகிறது.

அதே பூங்காவின் ஓர் ஓரத்தில், 1973இல் நாட்டப்பட்ட இன்னொரு கல் நிற்கிறது. நிலநடுக்கத்துக்குப் பிறகு மனிதர்கள் கொன்ற கொரியர்களுக்கான கல். அதன் முன்னால் செப்டம்பர் 1 காலையில் நடக்கும் நினைவுகூரலுக்கு டோக்கியோ ஆளுநர்கள் ஆண்டுதோறும் ஓர் அஞ்சலி மடல் அனுப்பிவந்தார்கள். கடும் தேசியவாதி என்று பெயரெடுத்த ஷின்தாரோ இஷிஹராகூட அனுப்பினார். 2016இல் நீங்களும் அனுப்பினீர்கள். 2017 மார்ச்சில் மாநகர சபையில் ஓர் உறுப்பினர் அந்தக் கல்லில் பொறித்த 'ஆறாயிரத்துக்கு மேல்' என்ற எண்ணிக்கையைக் கேள்விக்குள்ளாக்கினார். அந்த ஆண்டு மடல் வரவில்லை. அதன் பிறகும் வரவில்லை.

நான் முதன்முதலாக அங்கே போனது 2018இல். வெக்கை, ஊதுபத்திப் புகை, காதை அடைக்கிற சில்வண்டுச் சத்தம். வெள்ளை உடுத்திய ஒரு பெண் கல்லின் முன்னால் மிக மெதுவாக ஆடினார். கொலையே நடக்கவில்லை என்று சொல்ல வந்தவர்களின் ஒலிபெருக்கிக் குரல் மரங்களுக்கு மேலால் வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற ஒரு முதியவர், நான் வெளிநாட்டான் என்று கண்டு, "ஜூகோ-என் கோஜிஸ்ஸென் தெரியுமா?" என்று கேட்டார். பதினைந்து யென் ஐம்பது சென். தெரியாது என்றேன். அவர் சொல்லச் சொல்ல எனக்குக் கால் நடுங்கியது.

கொரியர்கள் கிணற்றில் நஞ்சு கலக்கிறார்கள், தீ வைக்கிறார்கள் என்று வதந்தி பரவியது. செப்டம்பர் 3 அன்று உள்நாட்டு அமைச்சின் பொலிஸ் பிரிவே, கொரியர்கள் தீ வைக்கிறார்கள் என்று ஃபுனாபாஷி கடற்படை வானொலி நிலையத்தின் வழியாக மாகாண ஆளுநர்களுக்குத் தந்தி அடித்தது. ஊர்க்காவல் குழுக்கள் மூங்கில் ஈட்டியோடும் வாளோடும் சந்திக்குச் சந்தி நின்றன. வந்தவர்களை மறித்து அந்தத் தொகையைச் சொல்லச் சொன்னார்கள். சொல்லின் முதலெழுத்தை அதிர ஒலிக்கும் பழக்கம் கொரிய நாக்குக்கு இல்லை. 'ஜூ' என்பது 'ச்சூ' ஆகிவிடும். ஆனவர்கள் செத்தார்கள்.

தமிழ் நாக்குக்கும் அதே பழக்கம்தான், ஆளுநர் அவர்களே. சிங்களத்தில் வாளிக்கு உள்ள சொல்லை எங்கள் எழுத்தில் 'பால்திய' என்றுதான் எழுதமுடியும். ஆனால் அது 'பால்' என்பதில் வரும் ப அல்ல, 'பஸ்' என்பதில் வரும் ப. பயந்துபோன தமிழன் பாலின் ப-வைத்தான் சொல்லுவான். 1983 ஆடிக் கலவரத்தில் கொழும்புத் தெருக்களில் எங்கள் சனத்தைப் பிரித்தெடுக்க அந்தச் சொல்லைக் கேட்டார்கள். என் அம்மாவுக்கு அப்போது இருபத்தாறு வயது. காலி வீதியில் பஸ்ஸை மறித்து ஏறியவன் மண்ணெண்ணெய் வாளியைத் தூக்கிக் காட்டி, இது என்ன என்று ஒவ்வோர் ஆசனமாகக் கேட்டு வந்தானாம். அம்மா சின்ன வயதில் குருநாகலில் படித்தவர். பிசகாமல் சொன்னார். இரண்டு ஆசனம் முன்னால் இருந்தவருக்கு வரவில்லை. "அவரை இறக்கினாங்கள்" என்று அம்மா சொல்லுவார், அதற்கு மேல் ஒருநாளும் சொன்னதில்லை. எனக்குச் சிங்களம் சொல்லித்தந்தபோது அந்த ஒரு சொல்லை மட்டும் அவர் சொல்லித்தரவில்லை.

நாக்கை வைத்து இனம் பார்ப்பவர்கள் கடைசியில் தங்கள் ஆட்களையே வெட்டுவார்கள். 1923 செப்டம்பர் 6 அன்று சிபா மாகாணத்தின் ஃபுகுதா கிராமத்தில் ஷிகோகு தீவின் காகாவாவிலிருந்து வந்த மருந்து வியாபாரிகள் 9 பேரைக் கொன்றார்கள், குழந்தைகளும் கர்ப்பிணியும் உட்பட. அவர்களின் ஷிகோகு வட்டார வழக்கு கேட்டவர்களுக்கு யப்பானியமாகப் படவில்லை. இறந்தவர்கள் தீண்டாமைக்கு ஆளான புராகு சமூகத்தவர்கள். 22 ஆண்டுகள் கழித்து ஒகினாவாப் போரில், ஒகினாவா மொழியில் பேசுகிறவர்களை உளவாளிகளாகக் கருதித் தண்டிக்குமாறு யப்பானிய இராணுவம் கட்டளையிட்டது. யப்பானில் அருகிவரும் மொழிகள் என்று யுனெஸ்கோ 2009இல் கணக்கிட்டவை 8, ஐனு மொழி அவற்றில் சாவின் விளிம்பில். அப்படியிருந்தும் 2020இல் துணைப் பிரதமராக இருந்த தாரோ அசோ, இரண்டாயிரம் ஆண்டாக ஒரே மொழி, ஒரே இனம், ஒரே அரச வம்சம் கொண்ட நாடு இதைவிட வேறில்லை என்று பேசினார். ஐனு மக்களைப் பழங்குடிகள் என்று சட்டம் ஏற்று ஓர் ஆண்டுகூட ஆகியிருக்கவில்லை.

நிலநடுக்கத்தில் இறந்த எல்லாருக்கும் ஒன்றாக அஞ்சலி செலுத்துகிறேன், தனியாக வேண்டியதில்லை என்பது உங்கள் பதில். கொலைகளைப் பற்றிக் கேட்டால் வரலாற்றாசிரியர்களிடம் விட்டுவிடுகிறீர்கள். அவர்கள் தங்கள் வேலையை முடித்துவிட்டார்கள். மொத்தமாக மாண்ட 105,000 பேரில் நூற்றுக்கு ஒன்றிலிருந்து சில பங்கு வரை கொல்லப்பட்டவர்கள் என்று மத்திய அரசின் பேரிடர் மேலாண்மை மன்றத்து நிபுணர் அறிக்கையே கணித்திருக்கிறது. அப்படியென்றால் ஆகக் குறைந்தது ஆயிரம் பேர். எண்ணிக்கையில் சண்டை இருக்கலாம், கொலையில் இல்லை. 2023இல் அமைச்சரவைத் தலைமைச் செயலாளர், உண்மையை அறிய அரசிடம் ஆவணம் இல்லை என்றார். அந்தத் தந்தியோ பாதுகாப்பு அமைச்சின் ஆய்வு நிறுவனத்திலேயே கிடக்கிறது.

'எல்லாரும்தானே இறந்தார்கள்' என்ற சொல் எனக்கு வேறு இடத்திலும் பழக்கம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் துரத்தினார்கள். யாழ்ப்பாண நகரத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். தமிழ் பேசும் சனத்தை, தமிழரின் பெயரால். எங்களுக்கு உடுப்புத் தைத்த தையற்காரர், என் நீலக் காற்சட்டைத் துணியை ஊசி குத்தியபடி மெசினிலேயே விட்டுவிட்டுப் போனார். எனக்கு அப்போது ஐந்து வயது. அது பிழை என்று பெயர் சொல்லிச் சொல்ல எங்கள் ஆட்களில் பலருக்கு இன்றும் வாய் வருவதில்லை. கேட்டால், "போரில் எல்லாரும்தானே பாதிக்கப்பட்டோம்" என்பார்கள். அடிபட்ட இனத்தின் வாயிலிருந்து வந்தாலும் அந்த வசனம் செய்கிற வேலை ஒன்றுதான். செத்தவனைச் சொல்லிக் கொன்றவனை மறைக்கிறது.

உங்கள் மௌனம் வெறும் மௌனமாக இருக்கவில்லை. 2019இல் அந்தப் பூங்காவிலேயே நடந்த மறுப்பாளர் கூட்டத்தில் பேசப்பட்டவை வெறுப்புப் பேச்சு என்று உங்கள் மாநகர நிர்வாகமே 2020இல் தீர்மானித்தது. தன் பக்கம் ஆளுநர் சாய்கிறார் என்று அந்த ஒலிபெருக்கிக்காரர் நினைத்தால் அவரை நான் எப்படிக் குறை சொல்வது? பக்கத்துச் சைத்தாமா ஆளுநர் 2024இல் தன் மாகாணத்து நினைவுகூரலுக்கு அஞ்சலி மடல் அனுப்பினார். வானம் இடிந்துவிடவில்லை.

யோகோஹாமாவில் ட்சுருமி பொலிஸ் தலைவராக இருந்த த்சுனேகிச்சி ஓகாவா ஏறத்தாழ 300 பேரை நிலையத்துக்குள் வைத்துக் காத்தவர். நஞ்சென்று கூட்டம் கொண்டுவந்த கிணற்றுத் தண்ணீரை அவர்கள் முன்னாலேயே குடித்துக் காட்டினார் என்று சொல்கிறார்கள். அவருக்குக் கொரியர்கள் கல் வைத்திருக்கிறார்கள். அவர் இந்த நாட்டை நேசிக்காதவரா?

நான் கேட்பது ஒரு தாள். புதிதாக எழுதவும் வேண்டாம். 2016இல் நீங்கள் கையொப்பமிட்டு அனுப்பியதன் பிரதி உங்கள் அலுவலகக் கோப்பில் இருக்கும். திகதியை மட்டும் மாற்றி, வருகிற செப்டம்பர் 1 காலைக்கு முன் அந்தக் கல்லடிக்குச் சேர்ப்பித்துவிடுங்கள். அங்கே அதை உரக்க வாசிக்க ஆட்கள் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
எதோகாவாவில் வசிக்கும் ஓர் ஈழத் தமிழன்