அடையாறு வெள்ளத்தடுப்பு: விடுபட்ட இடங்களை அறிவிக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னைப் புறநகரில் அடையாற்றங்கரையில் உள்ள முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் நடைபெறும் வெள்ளத்தடுப்புப் பணிகள் குறித்து வடகிழக்குப் பருவமழைக்கு முன் வெளிவரும் அறிவிப்புகளில், எத்தனை கிலோமீட்டர் தூர்வாரப்பட்டது, எத்தனை கோடி செலவானது என்ற கணக்கைத்தான் பெரும்பாலும் காண்கிறோம். கட்டிய கால்வாய், ஏரியின் உபரிநீர் வழியும் கலங்கலிலிருந்து ஆறு வரை இடைவெளியின்றி இணைந்துவிட்டதா என்பதே ஆற்றங்கரையில் குடியிருக்கும் எங்களுக்குத் தெரிய வேண்டியது.

2015 டிசம்பர் வெள்ளத்துக்கு, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டதே காரணம் என்று பலர் இன்றும் பேசுகின்றனர். ஆனால் அந்த உபரிநீர், அடையாறு எங்கள் ஊரைத் தாண்டிச் சென்ற பிறகு, திருநீர்மலைப் பக்கம்தான் ஆற்றில் கலக்கிறது. எங்கள் வீடுகளை மூழ்கடித்தது ஆதனூர், மண்ணிவாக்கம், மணிமங்கலம், சோமங்கலம் எனச் சுற்றுவட்டார ஏரிகள் நிரம்பி வழிந்த நீர்.

அதன்பின் ஆறு அகலப்படுத்தப்பட்டது, மூடுகால்வாய்கள் கட்டப்பட்டன. நாள்கணக்கில் தேங்கிய நீர் இப்போது முன்னைவிட விரைவாக வடிகிறது என்பதை நன்றியுடன் ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயலின்போது, எங்கள் வீட்டுக் குளியலறைத் துளை வழியே சாக்கடை நீர் மேலெழும்பியது. மணல் மூட்டையை அதன்மேல் வைத்து என் மனைவி அழுத்திப் பிடித்திருக்க, நான் அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றினேன். பக்கத்து வீட்டுக்காரர் கடன் வாங்கி, ஜாக்கி வைத்து வீட்டையே உயர்த்திக்கொண்டார். எல்லோருக்கும் அதற்கு வசதி ஏது? பழைய சாலையைச் சுரண்டாமல் அதன்மேலேயே தார் போட்டுப் போட்டு, எங்கள் வாசற்படி தெருமட்டத்துக்குக் கீழே போய்விட்டது என்பது தனிக்கதை.

ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி திருப்புகழ் தலைமையிலான குழு, சென்னை வெள்ளத்தடுப்பு குறித்த இறுதி அறிக்கையை 2023 மார்ச் மாதத்திலேயே முதலமைச்சரிடம் அளித்தது. அதன் பரிந்துரைகளில் எங்கள் பகுதிக்குரியவை எவை, அவற்றில் நிறைவேறியவை எவை என்பதை அரசு தெரிவிக்க வேண்டும். மேலும், ஒவ்வொரு கால்வாயும் தொடங்கும் இடம், ஆற்றில் சேரும் இடம், நடுவே விடுபட்ட பகுதி, அது நில எடுப்பாலா வழக்காலா நின்றுபோனது என்ற விவரங்களை வரைபடத்துடன் செப்டம்பர் இறுதிக்குள் ஊராட்சி அலுவலகங்களில் ஒட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன். வயதான பெற்றோரை மழைக்கு முன்பே உறவினர் வீட்டுக்கு அனுப்பிவைப்பதா என்பதை அதைப் பார்த்தாவது நாங்கள் முடிவுசெய்வோம்.

இப்படிக்கு,
வாசகர், முடிச்சூர்