கவிதைக்கென்று ஒரு நூலகம்

ஆசிரியருக்கு,

நூலகங்கள் பற்றிய உங்கள் தலையங்கத்தைப் படித்ததும் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரம்தான் நினைவுக்கு வந்தது. அங்கே கவிதைக்கென்றே ஒரு நூலகம் இருக்கிறது. கவிஞர் டெஸ்ஸா ரான்ஸ்ஃபோர்ட் 1984-இல் தொடங்கியது. ஆங்கிலம், அந்த நாட்டின் ஸ்காட்ஸ், கேலிக் என மூன்று மொழிக் கவிதைகளும் கிடைக்கும். இரவல் வாங்கக் காசு இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டுக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸோடு நின்றுவிட்டவர் அப்படியே இருபதாம் நூற்றாண்டின் எட்வின் மார்கன், சோர்லி மக்லீன் என்று போகலாம். எழுதுபவர்களுக்கோ வாசித்துக் காட்ட ஒரு கூடம், கேட்க நாலு பேர்.

'இலைகளால் வாழ்கிறோம்' என்பது அந்த நூலகத்தின் வாசகம். சொன்னவர் ஸ்காட்லாந்து அறிஞர் பேட்ரிக் கெடஸ். (ஆமாம், 1915 வாக்கில் மதுரை, தஞ்சாவூர் பற்றி நகரமைப்பு அறிக்கை எழுதிய அதே கெடஸ்தான்.) ஆங்கிலத்தில் இலைக்கும் புத்தகத் தாளுக்கும் ஒரே சொல், 'லீஃப்'. ஓலையில் எழுதிப் பழகிய நமக்கு இதை விளக்கவே வேண்டாம்.

– ஒரு வாசகர், மதுரை