செக் அவுட் காலை 10 மணி

தக்கயாமா,
தைப்பூசத்துக்கு மறுநாள், இரவு.

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். இந்த வாரத்தில் உங்களிடம் நலம் விசாரிப்பது வீண் வேலை. பூசக் கூட்டம் வடியும்வரை நீங்கள் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டிருக்க மாட்டீர்கள். லாட்ஜ் மாடிப்படித் திருப்பத்தில்கூட ஆள் படுத்திருப்பார்கள். காவடிக்காரர்கள் எல்லாம் பஸ் ஏறி, பாத்ரூம் கழுவி முடித்து, ரிசப்ஷன் மேஜைக்கு அடியில் காலை நீட்டிக்கொண்டு இதைப் படியுங்கள். போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நீங்கள் ஸ்பீக்கரில் போட்டுவிடுவீர்கள். சாவி வாங்க வந்து நிற்கிற காரைக்குடிக்காரர் வரைக்கும் கேட்டுவிட்டு எனக்கு யோசனை சொல்வார். அதனால் கடிதம்.

நான் இப்போது நகோயாவில் இல்லை. ஆறு நாளாக தக்கயாமா என்கிற மலை ஊரில், ஒரு ஹாஸ்டலில் இருக்கிறேன். எதற்கு வந்தேன் என்பது கடைசியில். முதலில் ஹாஸ்டலைச் சொல்லிவிடுகிறேன். தொழில்காரர் நீங்கள், உங்களுக்கு முதலில் வேண்டியது அதுதான்.

நகோயாவிலிருந்து ரயிலில் இரண்டரை மணி நேரம். பாதிக்கு மேல் ஹிதா ஆற்றை ஒட்டியே பள்ளத்தாக்கில் வருகிறது. அந்த ஆறு தெற்கே ஓடுகிறது. ஒரு சுரங்கம் தாண்டினால் எல்லாம் தலைகீழ். தக்கயாமா நடுவில் ஓடும் மியாகவா வடக்கே, ஜப்பான் கடல் பக்கம் போகிறது. சுரங்கத்துக்கு இந்தப் பக்கம் பனி முழங்கால் அளவு. ஊரின் பரப்பு 2,177 சதுர கிலோமீட்டர் என்று போட்டிருந்தார்கள். 2005-இல் சுற்றியிருந்த ஊர்களை எல்லாம் சேர்த்ததால், ஜப்பானிலேயே பெரிய நகராட்சி இதுதானாம். சென்னை மாநகராட்சியைப் போல ஐந்து மடங்கு. ஆனால் ஆள் ஒரு லட்சம்கூட இல்லை. மிச்சமெல்லாம் மலை, மரம்.

ஹாஸ்டல், கறுத்துப்போன மரச்சட்டம் வைத்த பழைய வீடு. மாடியில் எட்டுப் பேர் படுக்கும் அறையில் எனக்கு மேல் தட்டுக் கட்டில். ஒரு திரை, ஒரு குட்டி விளக்கு, ஒரு பிளக். ஓர் இரவுக்கு 3,200 யென். நம்ம பணத்தில் இரண்டாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே. செருப்பை வாசலில் கழற்றுவது நமக்கென்ன புதிதா என்று தெம்பாக உள்ளே போனேன். கழிப்பறைக்கு மட்டும் தனிச் செருப்பு என்பதை மறந்து, அதோடேயே கூடத்துக்கு வந்து நின்றேன். யாரும் எதுவும் சொல்லவில்லை. எல்லாரும் என் காலையே பார்த்தார்கள்.

பதிவேடு இங்கேயும் உண்டு. இங்கேயே குடியிருக்கிறவன் என்றால் பெயர், முகவரி, தொடர்பு எண் எழுதினால் போதும். வெளிநாட்டிலிருந்து சுற்றிப்பார்க்க வந்தவர்களிடம் மட்டும் பாஸ்போர்ட் கேட்டு நகல் எடுத்துக்கொள்கிறார்கள். முன்பெல்லாம் எப்போதாவது ஒரு வெள்ளைக்காரர் வந்துவிட்டால் நீங்கள் அவர் விவரம் எழுதிய சி-பாரத்தோடு போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடுவீர்களே, அந்த ஓட்டம் இல்லை.

நீங்கள் பொறாமைப்படப் போவது வேறு ஒன்றுக்கு. நம்ம லாட்ஜில் விடியக்காலை நாலு மணிக்கு வந்தவன் மறுநாள் நாலு மணிவரை இருப்பான். இன்னொருவன் ராத்திரி பதினொன்றுக்கு வருவான். எந்த நேரத்தில் எந்த அறை காலியாகும் என்று உங்கள் தலைக்குள் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். இங்கே மாலை 4 மணிக்கு மேல்தான் உள்ளே விடுவார்கள். காலை 10 மணிக்கு வெளியே. நடுவில் ஆறு மணி நேரம் வீடு யாருக்கும் சொந்தமில்லை. பெருக்கி, துடைத்து, பாத்ரூமைக் காயவிட்டு, ஜன்னலைத் திறந்து வைக்கிறார்கள். 27 வருஷமாக நீங்கள் சாமியிடம் கேட்டுக்கொண்டிருக்கிற ஆறு மணி நேரம் அது.

ரூம் பாய் கிடையாது. போர்வை உறை, தலையணை உறை, விரிப்பு மூன்றையும் மடித்து கையில் கொடுத்துவிடுகிறார்கள். நாமே மாட்டிக்கொண்டு, போகும்போது நாமே உருவிக் கூடையில் போட வேண்டும். பழனியில் இதைச் செய்யச் சொன்னால் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்பார்கள். கனத்த போர்வை உறைக்குள் சுருளாமல் இருக்க, உறைக்கு உள்ளே எட்டு இடத்தில் கயிறு தைத்திருக்கிறது. போர்வையில் இருக்கும் வளையத்தோடு அதை முடிச்சுப் போட வேண்டும். முதல் ராத்திரி எனக்குப் பொறுமை இல்லை. விடியும்போது போர்வை முழுக்கக் கால்மாட்டில், மேலே வெறும் உறை. வெளியே மைனஸ் 8.

குளிரை எப்படி எழுதினாலும் உங்களுக்குக் கொடைக்கானல்தான் ஞாபகம் வரும். கொடைக்கானல் இல்லை அப்பா இது. ராத்திரி குழாயை முழுக்க மூடினால் தண்ணீர் உறைந்து குழாய் வெடித்துவிடும். சொட்டுச் சொட்டாக விடச் சொல்லி எழுதி ஒட்டியிருக்கிறார்கள். சொட்டுகிற குழாயைப் பார்த்தால் எனக்குக் கை தானாக மூடப் போகிறது, உங்கள் வளர்ப்பு. கூடத்தில் மண்ணெண்ணெய் ஹீட்டர். அந்த வாசனை வந்ததும் அம்மாவின் பழைய பம்ப் அடுப்பு ஞாபகம் வந்தது. மூன்று மணி நேரம் ஆனதும் பாதுகாப்புக்காகத் தானே அணைந்துவிடும். அதற்கு முன்னால் ஒரு பாட்டு மாதிரி கூவும். யாராவது எழுந்து போய்ப் பொத்தானை அழுத்த வேண்டும். யார் எழுந்திருப்பது என்று கூடத்தில் இருக்கும் பத்துப் பேரும் அடுத்தவர் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருப்போம். அந்த ஒரு நிமிஷத்தில் எல்லா நாட்டுக்காரர்களும் ஒரே மாதிரிதான் இருக்கிறார்கள்.

மூன்றாம் நாள் ரசம் வைத்தேன். பொதுச் சமையலறை, யார் வேண்டுமானாலும் சமைக்கலாம். அம்மா மூன்று கவர் போட்டுக் கட்டி அனுப்பிய பெருங்காயத் தூளை ஒரு சிட்டிகைதான் போட்டேன். எனக்குக் கீழ்த்தட்டில் படுக்கிற, எழுபது வயதிருக்கும் ஜப்பானியத் தாத்தா எட்டிப் பார்த்து, "மருந்தா?" என்று கேட்டார். ஹாஸ்டல் நடத்துகிற வீட்டுக்காரம்மா வந்தார், "ஆகா, நல்ல வாசனை" என்றார், சிரித்துக்கொண்டே எல்லா ஜன்னல்களையும் திறந்தார். மறுநாள் அடுப்புக்கு மேலே மூன்று மொழியில் புதுத் தாள்: வாசனை அதிகமுள்ளவற்றைச் சமைக்கும்போது தயவுசெய்து மின்விசிறியை ஓட்டவும். என் பெயர் இல்லை. ஆனால் வேறு யாருக்கு? இந்த நாட்டுக்கு வந்து மூன்று வருஷம் ஆகப் போகிறது, சிரிப்பில் எது வீட்டுக்குள்ளே கூப்பிடுகிறது, எது வாசலோடு நிற்கச் சொல்கிறது என்று இன்னமும் எனக்குப் பிடிபடவில்லை.

பெட்டி உள்ளே இருக்கலாம், நான் பத்து மணிக்கு மேல் இருக்கக் கூடாது என்பதால் தினமும் ஊர் சுற்றல்தான். மியாகவா கரையில் காலைச் சந்தை. குளிர்காலத்தில் 8 மணிக்குத் திறந்து மதியத்தோடு மூடிவிடுவார்கள். விற்பது எல்லாம் பாட்டிகள். சிவப்பு முள்ளங்கி மாதிரி ஒரு கிழங்கு, அதை உப்பில் ஊறவைத்த ஊறுகாய்தான் இந்த ஊர்ப் பெருமை. நிறத்தைப் பார்த்து மிளகாய் என்று நம்பி வாயில் போட்டேன். வெறும் உப்பும் புளிப்பும். குச்சியில் கோத்த அரிசிமாவு உருண்டையும் உண்டு. நகோயாவில் இனிப்புப் பாகு ஊற்றித் தருவார்கள், இங்கே சோயா சாறு மட்டும் தடவிச் சுடுகிறார்கள். கருக வாட்டிய கொழுக்கட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பிடிக்கும்.

பழைய தெருக்களில் சாராய ஆலைகள். வாசலில் தேவதாரு இலையைப் பந்தாகக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். பச்சையாக இருந்தால் புதுச் சரக்கு வந்திருக்கிறது, பழுப்பாகப் பழுப்பாக அது முதிர்கிறது என்று அர்த்தம். நான் வாசலோடு சரி, அம்மாவிடம் சொல்லுங்கள். 1692-இலிருந்து இந்த மலைநாட்டை ஷோகன், அதாவது அந்தக் காலத்தில் நாட்டை ஆண்ட படைத்தலைவரின் ஆட்கள் நேரடியாக ஆண்ட அலுவலகம் அப்படியே நிற்கிறது, நம்ம பழைய கலெக்டர் ஆபீஸ் மாதிரி. மரத்துக்காகத்தான் பிடித்துக்கொண்டார்கள். பெரிய அறை ஒன்றில் ஆணித் தலை தெரியாமலிருக்க முயல் வடிவத்தில் மூடி செய்து வைத்திருக்கிறான் எவனோ ஒரு தச்சன். வரி கட்ட வந்தவன் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது சுவரிலிருந்து முயல் பார்த்திருக்கும்.

இந்தத் தச்சர்கள் கதை பெரியது. 1,300 வருஷத்துக்கு முன்னால், நெல்லும் துணியும் வரியாகக் கொடுக்க முடியாத ஏழை மலைநாடு என்பதால், வரிக்குப் பதிலாக ஆளை அனுப்பச் சொன்னார்களாம். தலைநகரத்துக் கோயில்களையும் அரண்மனைகளையும் கட்ட, வருஷா வருஷம் இங்கிருந்து தச்சர்கள் நடந்தே போயிருக்கிறார்கள்.

அதைவிட எனக்குள் போனது வீட்டுக்காரம்மா சொன்னது. தினமும் காலையில் அவரோடு பனி வாருகிறேன். கைப்பிடி வைத்த பெரிய முறம் மாதிரி ஒன்று இருக்கிறது. அதன் பெயரே 'மாமா-சான் டம்ப்'. மாமா என்றால் இங்கே அம்மா. வீட்டுப் பெண்கள் தள்ளுகிற டிப்பர் என்று நான் பெயர்த்துக்கொண்டேன். தெருவோர வாய்க்காலின் இரும்புக் கிராதியைத் தூக்கிப் பனியை உள்ளே தள்ள, தண்ணீர் அதை ஆற்றுக்கு இழுத்துக்கொண்டு போகிறது. முந்தாநாள் மூச்சு வாங்க நின்றபோது கிழக்கே மலையைக் காட்டினார். அங்கே நொமுகி என்று ஒரு கணவாய், 1,672 மீட்டர் உயரம். ரயில் வராத காலத்தில் இந்த ஊர்ப் பெண்பிள்ளைகள், பன்னிரண்டு பதிமூன்று வயசு, பனி கரையும் முன்னாலேயே அந்தக் கணவாய் ஏறி, சுவா ஏரிக்கரைப் பட்டு ஆலைகளுக்கு வேலைக்குப் போவார்களாம். வருஷக் கடைசியில் அதே பனியில் திரும்பி நடந்து வருவார்கள், வீட்டுக் கடனை அடைக்கப் பணத்தோடு. தன் பாட்டியும் அப்படிப் போனவர் என்றார். "வழுக்கும் இடத்தில் ஒருத்தி இடுப்புக் கச்சையை அடுத்தவள் பிடித்துக்கொண்டு வரிசையாக நடப்பார்களாம்." சொல்லிவிட்டு மறுபடி பனி தள்ளப் போய்விட்டார். நான்தான் கொஞ்ச நேரம் நின்றேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

டிசம்பரோடு என் ஒப்பந்தம் முடிந்துவிட்டது அப்பா. புதுப்பிக்கவில்லை. செப்டம்பரிலேயே சொல்லிவிட்டார்கள். தீபாவளிக்குப் போன் பண்ணியபோது எனக்குத் தெரியும், சொல்லவில்லை. நீங்கள் சித்தப்பாவிடம் "ஜப்பான் கார் கம்பெனி" என்று சொல்லிக்கொண்டிருந்தது பின்னால் கேட்டது. வேறு ஆலைகளில் தேடினேன். கிடைத்தது எல்லாம் ஆறு மாதம், எட்டு மாதம். இடையில் தங்கும் விடுதி வேலைக்கான தேர்வு ஒன்று அரசாங்கம் ஒத்துக்கொண்ட வகையில் நடக்கிறது, அதை எழுதினேன். தேறிவிட்டேன். போன மாதம் விசா வகையும் மாறி வந்துவிட்டது.

இந்த ஊரில் ஒரு ரியோகான், பாய் விரித்த அறைகள் உள்ள பழைய முறை விடுதி. பதினெட்டு அறை. அதில் ஆறு அறை பூட்டிக் கிடக்கிறது, விருந்தாளி இல்லாமல் இல்லை, வேலைக்கு ஆள் இல்லாமல். அங்கே சேர்கிறேன். எனக்கு ஒதுக்கிய அறை காலியாக இன்னும் ஆறு நாள் இருக்கிறது, அதுவரைதான் இந்த ஹாஸ்டல். மாலையில் வரவேற்பு, விருந்தாளிகள் சாப்பிடுகிற நேரத்தில் அறைக்குப் போய் மெத்தை விரிப்பது, காலையில் சுருட்டி அடுக்குவது.

ஆமாம். பெட்ஷீட் உதறுகிற வேலை. "கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்கு, பெட்ஷீட் உதறி வாங்காதே" என்று நீங்கள் லீவு நாளில்கூட என்னை லாட்ஜுக்குள் விடாமல் விரட்டினீர்களே, அதே வேலை.

நேர்முகத்தில் முதலாளியம்மா, அனுபவம் உண்டா என்றார். இல்லை என்றேன். அப்பா என்ன செய்கிறார் என்றார். நகோயாவில் மூன்று வருஷமாக எல்லாரிடமும் ஹோட்டல் மேனேஜர் என்றே சொல்லிவந்தேன். அன்று என்னமோ உள்ளபடி சொல்லிவிட்டேன்: மலைக்கோயில் அடிவாரத்தில் லாட்ஜ், முப்பத்திரண்டு அறை, மேனேஜரும் அவரே, ஆள் வராத நாளில் பாத்ரூம் கழுவுகிறவரும் அவரே. திருவிழாவுக்கு எத்தனை பேர் தங்குவார்கள் என்றார். ஓர் அறைக்கு ஒன்பது பேர் என்றேன். எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார். தண்ணீருக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டார். லாரித் தண்ணீர், வாளிக் கணக்கு, மூன்று மணிக்கே மோட்டார் என்று சொல்லச் சொல்ல, உங்களுக்கு இவ்வளவு தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

சம்பளம் முன்னைவிடக் குறைவு. மறைக்கவில்லை. ஆனால் அறையும் இரண்டு வேளைச் சாப்பாடும் அவர்களுடையது, அதனால் தங்கச்சி கல்யாணக் கடனுக்கு மாதா மாதம் அனுப்புவது அதே தொகைதான், அதே ஐந்தாம் தேதிதான். சித்தப்பாவிடம் என்ன சொல்வது என்பது உங்கள் இஷ்டம்.

ஒரு சந்தேகம். விரிப்பை மெத்தைக்கு அடியில் செருகும்போது தலைமாட்டு முனை இரண்டும் நிற்கிறது, கால்மாட்டில் மட்டும் நழுவிவிடுகிறது. நீங்கள் ஒரு கையால் மெத்தையைத் தூக்கிக்கொண்டே இன்னொரு கையால் ஒரு மடிப்பு மடிப்பீர்கள், கதவிடுக்கு வழியாகப் பார்த்திருக்கிறேன். முழுக்கப் பார்ப்பதற்குள் விரட்டிவிட்டீர்கள். அதை நம்ம மணியை விட்டு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

இது கைக்குக் கிடைத்ததும் மிஸ்டு கால் கொடுங்கள், நான் கூப்பிடுகிறேன். திட்டுவதானால் திட்டுங்கள். ஸ்பீக்கர் மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் மகன்.

பி.கு.: அடுத்த பார்சலில் பெருங்காயத்தைத் தூளாக வேண்டாம், கட்டியாக அனுப்பச் சொல்லுங்கள் அம்மாவை. வாசனை கொஞ்சம் அடங்கி இருக்கும். ரியோகானில் ஜன்னல் அதிகம் இல்லை.