பஜ்ஜியும் சைவம்தானுங்க ஐயா

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கெழம உங்க பேப்பர்ல சைவத்துக்கு மாறுனா கொலஸ்ட்ரால் தன்னால எறங்கிரும்னு ஒரு கட்டுரை வந்துச்சு. படிச்சதும் சிரிப்புதான் வந்துச்சு, ஏன்னா நான் பொறந்ததுலருந்து முட்டைகூட தொட்டதில்ல, போன வருஷம் டெஸ்ட் எடுத்தப்ப எல்டிஎல்ங்கிற கெட்ட கொலஸ்ட்ரால் 174. சைவக்காரனுக்கு எப்படி டாக்டர்னு கேட்டேன், அவரு சாயங்காலம் என்ன சாப்பிடுவீங்கன்னு திருப்பிக் கேட்டாரு. டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் முப்பது வருஷம் கடை வச்சிருந்தவன் நான், நாலு மணியானா பஜ்ஜி இல்லாட்டி உளுந்தவடை, வாரத்துல மூணு ராத்திரி பரோட்டாவும் வெஜிடபிள் சால்னாவும். வேற என்னத்த சொல்ல.

மைதா, பாமாயில், தேங்கா எல்லாமே செடி மரத்துலருந்து வர்றதுதானே. எண்ணெய் பாக்கெட்டுல கொலஸ்ட்ரால் இல்லாததுன்னு பெருசா போடுறான், மத்த கடலையெண்ணெய், நல்லெண்ணெய்ல மட்டும் இருக்கா என்ன? பாமாயில்ல பாதிக்குப் பாதி நிறைவுற்ற கொழுப்பு, தேங்காயெண்ணெய்ல 90 சதவீதத்துக்கிட்ட, அது அதிகமா உள்ள போச்சுன்னா ஈரல் ரத்தத்துல இருக்குற எல்டிஎல்ல அள்ளுறதக் கொறைச்சிருது.

எறக்குறது எதுன்னா கொழகொழப்பான நார்ச்சத்து. வெண்டைக்காய நறுக்குனா கையில ஒட்டுமே அது, பார்லிக் கஞ்சியில, ஓட்ஸ்ல, இசப்கோல்ல இருக்கறது. குடல்ல பித்தநீரப் புடிச்சு வெளிய தள்ளிருது, ஈரல் புதுசா பித்தம் செய்யணும்ல, அதுக்கு ரத்தத்துல இருக்குற கொலஸ்ட்ரால இழுத்துக்குது. இந்த வெண்டைக்காயப் போயி எங்க வீட்டம்மா எண்ணெயில முங்கவிட்டு மொறுமொறுன்னு ஆக்கித்தான் வைப்பாக, இப்பத்தான் கொழம்புக்கு மாறியிருக்கு.

கனடாவுல டொரண்டோ யுனிவர்சிட்டி டேவிட் ஜென்கின்ஸ்ங்கிறவரு 2003ல 46 பேர வச்சு ஒரு மாசம் பாத்தாரு, பேரன்தான் படிச்சுச் சொன்னான். ஓட்ஸ், பார்லி, சோயா, பாதாம், தாவர ஸ்டெரால்னு செடியில இருக்குற கொலஸ்ட்ரால் மாதிரி பொருள் சேத்த மார்ஜரின் (வெண்ணெய்க்குப் பதிலா தடவுறது), அதோட நம்ம வெண்டைக்காயும் கத்திரிக்காயும்! எல்டிஎல் 28 சதவீதத்துக்கு மேல எறங்குச்சு, கொலஸ்ட்ரால கொறைக்கிற ஸ்டாடின் மாத்திரை போட்டவங்களுக்கு 30 சொச்சம். ஆனா அது அவங்களே சாப்பாடு குடுத்து பாத்தது. அப்பறம் அதே கூட்டம், அவங்கவங்க வீட்டுலயே பாத்துக்குங்கன்னு ஒரு வருஷம் விட்டுப் பாத்ததுல சராசரி 13 சதவீதம்தான். கல்யாணம், காதுகுத்துன்னு போற நம்ம ஊர்ல அது கெடைச்சாலே பெருசு.

எனக்கும் அஞ்சு மாசத்துல 174 வந்து 151ல நிக்குது, கணக்குப் போட்டா அதே 13. சுகரும் இருக்கறதால இது பத்தாதுன்னு டாக்டர் மாத்திரை எழுதிட்டாரு, கத்திரிக்காயயும் விடல மாத்திரையயும் விடல.

இத எழுத காரணம் எங்க தெருவுல ஒருத்தரு, இதயக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வச்சவரு, உங்க கட்டுரையக் கத்தரிச்சு பர்சுல வச்சுக்கிட்டு மாத்திரைய நிறுத்திட்டாரு. டாக்டரக் கேக்காம நிறுத்தாதீகன்னு தெனமும் சொல்லிப் பாத்துட்டேன், பேப்பர்ல போட்டிருக்கான், நீ என்ன பெரிய இவனான்னு கேக்குறாரு. அதனால இந்தக் கடுதாசிய அதே பக்கத்துல, கொஞ்சம் பெரிய எழுத்துல போட்டீகன்னா புண்ணியமாப் போகும். அவருக்கு கண்ணும் சரியாத் தெரியாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை