கடற்கரையைத் தேர்ந்தெடுக்கும் முன் மாதத்தைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் விடுமுறை இணைப்பில் ஒரே நாளில் போய்வரும் கடற்கரைகள் என்று ஒரு பக்கம் போட்டிருந்தீர்கள். படங்கள் நன்றாக இருந்தன, எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அதைக் கத்தரித்து பிரிட்ஜ் கதவில் ஒட்டியே விட்டார்கள். ஆனால் எந்த மாதம் போகலாம், எந்த மாதம் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது என்று அதில் ஒரு வரி இல்லை. கடல் இல்லாத நம்ம கொங்குப் பக்கத்து ஆட்களுக்கு அந்த ஒரு வரி கட்டாயம் வேண்டும் என்பதால்தான் எழுதுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் மே மாதம், நாலு குடும்பம் சேர்ந்து வேன் பிடித்து, கட்டுச்சோறு கட்டிக்கொண்டு, விடியக்காலை மூன்று மணிக்கெல்லாம் கிளம்பி கேரளாப் பக்கம் ஒரு கடற்கரைக்குப் போனோம். வெயில் பளிச்சென்று அடித்தது, காற்றே இல்லை. மீன் பிடிக்கும் வள்ளங்களை எல்லாம் தார் ரோடு ஓரம் வரைக்கும் இழுத்துப் போட்டிருந்தார்கள், நாங்கள் அதில் சாய்ந்து நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம். எங்கள் அக்கா மகனுக்குப் பத்தொன்பது வயது, எழுபது அடிக் கிணற்றில் மோட்டார் ரூம் மேலிருந்து குதிப்பான். அலை இரண்டு பக்கமும் நுரைத்து உடைகிறது, நடுவில் ஒரு பத்தடி அகலத்துக்கு மட்டும் நுரையே இல்லாமல் தண்ணீர் சும்மா கிடக்கிறது. இங்கேதான் அமைதியாக இருக்கு என்று அங்கே போய் இறங்கினான். இடுப்பளவுத் தண்ணீரில் நின்றவன் காலடி மண் உருவிக்கொண்டு போக, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தென்னை மர உயரத் தூரத்துக்கு அந்தப் பக்கம் போய்விட்டான். கரையில் வலை தைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் மிதவை கட்டிய கயிறோடு ஓடிவந்து, இன்னும் இரண்டு பேர் சேர்ந்து இழுத்துப் போட்டார்கள். அவன் வாய், காது எல்லாம் மணல். "வள்ளத்தை எல்லாம் ஏத்தி வெச்சிருக்கோமே, இன்னிக்குக் கடல் சரியில்லைன்னு உங்களுக்குத் தெரியலையா?" என்று அந்தப் பெரியவர் அரைத் தமிழில் கேட்டார். தெரியவில்லைங்க. யாருமே எங்களுக்குச் சொன்னதில்லை.

அப்புறம் விசாரித்துத் தெரிந்துகொண்டதுதான் இது. மலையாளத்தில் கள்ளக்கடல் என்பார்கள், கள்ளன் மாதிரி சொல்லாமல் வருகிற கடல். தெற்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இந்தியப் பெருங்கடலில் எங்கோ அடித்த புயல் காற்று கிளப்பிய அலை, சில நாள் கழித்து இங்கே கரையேறும். வானம் தெளிவாகத்தான் இருக்கும், காற்றும் இருக்காது. நமக்குப் பள்ளி லீவு விடுகிற ஏப்ரல், மே மாதத்தில்தான் இது அடிக்கடி வருகிறது. 2024 மே 6ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை கொண்டுபோனது. அந்த நாட்களில் கள்ளக்கடல் எச்சரிக்கை அமலில் இருந்தது. ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற மத்திய அரசு மையம்தான் இந்த எச்சரிக்கையைக் கொடுக்கிறது. நம் ஊரில் எத்தனை பேர் அதைப் பார்த்துவிட்டு வேன் பேசுகிறோம்?

சரி, எப்போது போவது? மேற்குக் கடல் என்றால் அரையாண்டு லீவிலிருந்து மாசி வரை நல்லது, அப்போது அரபிக்கடல் அடங்கியிருக்கும். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை பருவமழைக் கடல், கரையில் நின்று பார்த்துவிட்டு வந்துவிட வேண்டியதுதான். கிழக்குக் கடலுக்கு ஐப்பசி, கார்த்திகை ஆகாது, பொங்கல் தாண்டினால் போகலாம்.

இடம் என்று பார்த்தால், கோவையிலிருந்தும் பொள்ளாச்சியிலிருந்தும் கேரளாவின் சாவக்காடு சுமார் 140 கிலோமீட்டர்தான். பாலக்காட்டிலிருந்து திருச்சூர் போகிற வழியில் குதிரான் சுரங்கப்பாதை 2021இல் ஒன்றும் 2022இல் இன்னொன்றும் திறந்த பிறகு, முன்பு அந்த மேட்டில் மணிக்கணக்கில் நின்ற பாடு இல்லை. சின்னப் பிள்ளைகள் இருந்தால் தளிக்குளம் சினேகதீரம் பக்கம் போகலாம், பூங்கா இருக்கிறது. வண்டி ஓட்டி அலுத்துப்போகிறவர்கள் கோவையில் காலை ரயிலேறி கோழிக்கோட்டில் இறங்கினால் ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே கடல். கரூர், நாமக்கல் ஆட்கள் பாலக்காட்டைச் சுற்ற வேண்டாம், திருச்சி, தஞ்சாவூர் வழியாக வேளாங்கண்ணி பக்கம் போவதுதான் தோது. பட்டுக்கோட்டை தாண்டி மனோரா போனால் பாக் நீரிணை ஆழமில்லாத கடல், அலை பெரிதாக வராது, ஆனால் சேறு. குளிக்க முடியாது, பிள்ளைகளுக்குக் கடலைக் காட்டலாம். தனுஷ்கோடி, கன்னியாகுமரி எல்லாம் ஒரே நாளில் என்று தயவுசெய்து போடாதீர்கள். ராத்திரி முழுக்க ஓட்டி வருகிற டிரைவரும் மனிதன்தானே.

கேரளாவில் இருக்கும் பொன்னானிக்கு ஒரு தடவை போய்ப் பாருங்கள் என்று ஆழியாற்றுத் தண்ணீர் குடிக்கிற எல்லோருக்கும் சொல்வேன். ஆழியாறு பாரதப்புழையில் சேர்ந்து அங்கேதான் கடலில் விழுகிறது. நொய்யலும் பவானியும் அமராவதியும் காவிரியோடு கிழக்கே போக, பொள்ளாச்சித் தண்ணீர் மட்டும் மேற்கே போகிறது, அதை அங்கே நின்று பார்க்கும்போது எனக்கு மனசு நிறைந்துவிட்டது. ஆனால் அந்த முகத்துவாரத்தில் இறங்கவே கூடாது. ஆறும் கடலும் மோதுகிற எந்த இடத்திலும் இறங்கக் கூடாது.

இன்னொன்று. பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு) பாசன வாய்க்காலில் நீந்திப் பழகிய பையன்களுக்கு நாம் என்ன சொல்லிக்கொடுக்கிறோம்? தண்ணீரை எதிர்த்து மல்லுக்கட்டாதே, அது போகிற போக்கில் போய்ப் பக்கவாட்டில் கரை ஒதுங்கு என்கிறோம். கடல் இழுத்தாலும் அதேதான். கரையைப் பார்த்து நீந்தினால் கை ஓய்ந்துவிடும், கரைக்கு இணையாகக் கொஞ்ச தூரம் நீந்தி அந்த நுரையில்லாத இழுப்பை விட்டு வெளியே வந்த பிறகுதான் கரைக்குத் திரும்ப வேண்டும். இது எங்கள் அக்கா மகனுக்கு அன்றைக்குத் தெரிந்திருந்தால் அந்தப் பெரியவர் ஓடிவரும் வரை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்திருக்க மாட்டான்.

அதனால் ஆசிரியர் அவர்களே, அடுத்த முறை கடற்கரைப் படம் போடும்போது, அந்த வாரத்துக் கடல் எச்சரிக்கையை நாலு வரியில் கட்டம் கட்டி அதே பக்கத்தில் போடுங்கள். ஏப்ரல், மே இணைப்புகளில் கண்டிப்பாகப் போடுங்கள். பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் பக்கத்தில் இப்போதைக்கு நானே பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன், தை மாதம் போகலாம் என்று.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பொள்ளாச்சி