ஸ்பைடர்லேண்டை யாருமே சீந்தவில்லையா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் போஸ்ட்-ராக் (ராக் கருவிகளை வைத்தே வழக்கமான ராக் பாட்டின் அமைப்பை விட்டு விலகிப் போகும் வகை) இசை பற்றி வந்த கட்டுரையில் ஸ்லின்ட் என்ற அமெரிக்க ராக் குழுவின் ‘ஸ்பைடர்லேண்ட்’ ஆல்பத்துக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். அதைப் பார்த்ததும் அவ்வளவு சந்தோஷம். படித்து முடித்ததும் மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன்.

1991-இல் வெளிவந்தபோது எந்த விமர்சகரும் அதைச் சீந்தவில்லை என்று கட்டுரை சொல்கிறது. அப்படியில்லை. அமெரிக்காவில் பெரிதாக எடுபடவில்லை என்பது உண்மைதான். இசைத்தட்டு கடைக்கு வருவதற்குள் குழுவே கலைந்துவிட்டதால், ஊர் ஊராகப் போய் வாசிக்க ஆளில்லை. ஆனால் லண்டனின் ‘மெலடி மேக்கர்’ இசை இதழில் அமெரிக்க ஒலிப்பதிவாளரும் இசைக்கலைஞருமான ஸ்டீவ் அல்பினி அப்போதே பத்து நட்சத்திரம் கொடுத்தார். பத்து வருஷத்தில் இது ஒரு மைல்கல்லாக நிற்கும், அன்றைக்குப் பிரதி கிடைக்காமல் அலைவீர்கள், இப்போதே வாங்கிவிடுங்கள் என்று எழுதினார். வேண்டியவருக்காக எழுதியது என்று தள்ளவும் முடியாது. குழுவின் முதல் ஆல்பமான ‘ட்வீஸ்’ அவரே பதிவு செய்தது. அதில் நிலைத்து நிற்கக்கூடியவை ஓரிரு பாட்டுகள்தான் என்று அதே விமர்சனத்தில் சொல்லியிருக்கிறார். தன் கைவேலையைக் குறைத்துச் சொல்லி அடுத்தவர் பதிவு செய்ததை உயர்த்திப் பிடிக்க எத்தனை பேருக்கு மனசு வரும்? போஸ்ட்-ராக் என்ற பெயரை இசை விமர்சகர் சைமன் ரெனால்ட்ஸ் புழக்கத்துக்குக் கொண்டுவந்ததே 1994-இல்தான். வகைக்குப் பெயர் வருவதற்கு முன்பே ஒரு காது அதைச் சரியாகக் கேட்டிருக்கிறது.

இன்னொரு குறை. குழு கலைந்த கதையும், கல்குவாரித் தண்ணீரில் நான்கு தலைகள் மிதக்கும் அட்டைப் படத்தின் ‘மர்மமும்’ பக்கத்தில் பாதியை எடுத்துக்கொண்டன. அந்தப் படம் குழுவினரின் நண்பர் வில் ஓல்ட்ஹாம் எடுத்தது, அவ்வளவுதான். உழைப்பைப் பற்றி ஒரு வரி இல்லை. அமெரிக்காவின் லூயிவில் நகரத்தில், டிரம்மர் பிரிட் வால்ஃபர்டின் பெற்றோர் வீட்டு நிலவறையில், இருபது வயதை ஒட்டிய பையன்கள் மாதக்கணக்கில் ஒரே பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்துப் பழகினார்கள். அதனால்தான் 1990 ஆகஸ்டில் சிகாகோ ஸ்டூடியோவில் ஒலிப்பதிவாளர் பிரையன் பால்சனால் நான்கே நாளில் ஆறு பாட்டையும் பதிவு செய்ய முடிந்தது. கடைசிப் பாட்டின் முடிவில் கித்தார்களை மீறிக் கத்திய பாடகர் பிரையன் மக்மஹானுக்கு உடம்புக்கே முடியாமல் போனது.

‘வாஷர்’ பாட்டை ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். தொடக்கத்தில் கித்தார் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. பாடுவது காதில் விழ வேண்டும் என்று வால்யூமைக் கூட்டிக்கொண்டே போவோம். கூட்டி வைத்துக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, முடிவை நெருங்கும் இடத்தில் கித்தார்கள் மொத்தமாக வந்து விழும். முதல் தடவை எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை வருஷம் கழித்தும் அந்த இடம் வருமுன் கை தானாக வால்யூம் பக்கம் போகிறது. ‘டான், அமன்’ பாட்டிலோ டிரம்ஸே கிடையாது. இரண்டு கித்தாரும் முணுமுணுக்கும் ஒரு குரலும்தான்.

கட்டுரையாளர் இந்த ஆல்பத்தை நேசிப்பவர் என்று தெரிகிறது. அடுத்த இதழில் அல்பினியின் விமர்சனத்தைப் பற்றி ஒரு வரித் திருத்தமாவது வெளியிடுங்கள்.

அன்புடன்,
நெடுநாள் வாசகர்